சாவி யார் இடுப்பில்?

திருத்தணி மலைக்கோயில் உண்டியலுக்கு ஒரு பூட்டு போதாது. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போடுவதுதான் முறை. இரண்டின் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஒன்று கோயில் நிர்வாகத்தின் கையில், மற்றது துறையைச் சேர்ந்த வேறொருவர் கையில். பூட்டின்மேல் அரக்கு முத்திரை. எண்ணுகிற நாளில் இரண்டு தரப்பும் வந்து நின்றால்தான் உண்டியல் திறக்கும். நடுராத்திரி கடப்பாரையோடு வருகிறவனுக்கு இந்த இரண்டாவது பூட்டு ஒரு பொருட்டே இல்லை. ஒன்றை உடைத்த கையோடு இன்னொன்றையும் உடைத்துவிடுவான். அந்த இரண்டாவது பூட்டு, முதல் சாவியை வைத்திருப்பவருக்காகப் போடப்பட்டது.

வீட்டு வாசற்கதவுக்கு எது நல்லது, சாவிப் பூட்டா எலெக்ட்ரானிக் பூட்டா என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த உண்டியல்தான் நினைவுக்கு வருகிறது. பூட்டு என்றதும் நாம் திருடனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். திருடன் ஒரு வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலே போகலாம். வீட்டுக்காரர்கள் தினமும் பத்துத் தடவை வருகிறார்கள், போகிறார்கள். பூட்டுக்கு வேலை வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான். உள்ளே வர உரிமை உள்ளவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு என்று பூட்டைப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் வருகிறது.

திருத்தணியில் இது இப்போது நிஜமாகவே கேட்கப்படுகிற கேள்வி. ம.பொ.சி. சாலைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் திண்டுக்கல் பூட்டும் அலிகார் பூட்டும் கோத்ரெஜ் நவ்தாலும் வழக்கம்போல ஆணியில் தொங்குகின்றன. கண்ணாடி அலமாரிக்குள் கறுப்புக் கைப்பிடியோடு டிஜிட்டல் பூட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. விரல் வைத்தால் திறக்கும், எண் அழுத்தினால் திறக்கும், அட்டை காட்டினால் திறக்கும், செல்போனிலிருந்தும் திறக்கும். வாங்குகிறவர்கள் எல்லாரும் வசதிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. சென்னை சென்ட்ரலிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஊர் இது. மின்சார ரயில் இதுவரை வருகிறது. விடிவதற்குள் புருஷன் ஒரு வண்டியில் போகிறார், மனைவி அடுத்த வண்டியில் போகிறார், பிள்ளை டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வந்து வாசலில் நிற்கிறது. ஒரு சாவி எத்தனை கைக்குப் போகும்? அரத்தோடு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் இரண்டாவது, மூன்றாவது சாவி போட்டுக்கொள்ளலாம்தான். பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வரும். எண்ணை யாரும் பள்ளிக்கூடத்தில் தொலைப்பதில்லை. இந்த வீடுகளுக்கு டிஜிட்டல் பூட்டு ஒரு நிஜமான சௌகரியம். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

இன்னொரு வகை வாடிக்கையாளர் ஊரிலேயே இருப்பதில்லை. டல்லாஸிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, தனியாக இருக்கும் அம்மாவின் வாசற்கதவுக்கு ஆன்லைனில் பூட்டு வாங்கி அனுப்புகிறவர். நான் முக்கியமாகப் பேச வந்தது அவரிடம்தான். அதற்கு முன் திருடனின் கதையை ஒரு வழியாக முடித்து அனுப்பிவிடலாம்.

திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். மாங்காய் வடிவத்தில் இருப்பது மாங்காய்ப் பூட்டு. நாகல்நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று திண்டுக்கல்லை ஒட்டிய இடங்களில் கையால் அராவிச் செய்து வந்த தொழில் இது. கோயிலுக்கும் சிறைச்சாலைக்கும் கிட்டங்கிக்கும் அங்கிருந்துதான் பூட்டு போனது. உள்ளே லீவர் என்ற மெல்லிய தகடுகள் அடுக்காக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டு ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் திறக்காது, கொஞ்சம் கூடினாலும் திறக்காது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-இல் காப்புரிமை வாங்கிய யோசனை, திண்டுக்கல் ஆசாரியின் கையில் இன்னொரு பிறவி எடுத்தது. கையால் செய்வதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்று பெருமையாகச் சொல்வார்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தொழில் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. எந்திரத்தில் அச்சடித்து வரும் அலிகார் பூட்டின் விலையோடு அரத்தால் போட்டி போட முடியவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

திருட்டு முயற்சியைக் கண்டுபிடித்துச் சொல்லும் பூட்டு என்று டிஜிட்டல் பூட்டை விற்கிறார்கள். தப்பான எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அலறும், சில நிமிடம் யாரையும் விடாது. புதுமை போலத் தெரிகிறது. 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் நடந்த திருட்டுக்குப் பிறகு, ஜெரமையா சப் என்பவர் 1818-இலேயே இதைச் செய்துவிட்டார். கள்ளச்சாவி போட்டால் ஒரு லீவர் அளவுக்கு மேல் எழும்பி மாட்டிக்கொள்ளும். அடுத்தமுறை வீட்டுக்காரர் சரியான சாவியைப் போட்டாலும் திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பூட்டையும் 1851 லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அரை மணிக்குள் திறந்து காட்டினார். ஜோசப் பிரமாவின் கடை ஜன்னலில், திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற சவாலோடு அறுபது வருடமாக அசையாமல் இருந்த பூட்டையும் அவர் விடவில்லை. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் மல்லாடித் திறந்தார். உடைக்கும் வித்தையை ஊரறியச் சொல்லலாமா என்று அவரைக் கோபித்துக்கொண்டார்கள். திருடர்களுக்கு அது முன்பே தெரியும் என்பது அவர் கட்சி.

டிஜிட்டல் பூட்டுக்கும் ஹாப்ஸ்கள் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், ஹாப்ஸ் ஒரு பூட்டைத் திறந்தால் அந்த ஒரு பூட்டுதான் திறக்கும். அடுத்ததன் முன்னால் மறுபடி உட்கார்ந்து மல்லாட வேண்டும். மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தால் அதே மாதிரி பூட்டு எத்தனை கதவில் இருக்கிறதோ அத்தனைக்கும் அது ஓட்டை. 2024 மார்ச்சில் ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஓட்டல் அறைகளில் பரவலாக உள்ள ஒருவகை அட்டைப் பூட்டைத் திறக்க முடியும் என்று வெளியிட்டார்கள். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கதவுகள் அந்தக் கணக்கில் வந்தன. கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட்டில் ஓர் அமெரிக்க நிறுவனம் தவறான மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பியதில் சுமார் 500 வீட்டுப் பூட்டுகள் ஒரே வீச்சில் செயலிழந்தன. திண்டுக்கல் ஆசாரி எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஒரே நேரத்தில் ஐந்நூறு வீட்டுக் கதவை மூட முடியாது.

நம்மூர்த் திருடன் இந்த வித்தை எதையும் படித்தவன் இல்லை. நாளிதழில் வாரம் தவறாமல் வரும் செய்தி ‘பூட்டை உடைத்து இத்தனை சவரன் கொள்ளை’ என்பதுதான். பூட்டைத் திறந்து என்று வருவது அபூர்வம். அவன் லீவர்களை எண்ணுவதில்லை. கடப்பாரையைக் கொண்டிக்குள் விட்டு நெம்புகிறான். பூட்டு முழுசாக இருக்க, அது தொங்கிய கொண்டி கையோடு வந்துவிடுகிறது. ஏழு லீவர் பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுக் கொண்டிக்கு இருபது ரூபாய் கொடுக்கிற நம் வழக்கம்தான் அவனுக்கு மூலதனம். டிஜிட்டல் பூட்டும் மெலிந்த கதவில், உளுத்த நிலையில் பொருத்தப்பட்டால் இதே கதிதான்.

ஒன்றே ஒன்றில் டிஜிட்டல் பூட்டுக்கு நிச்சயமாக மதிப்பெண் தர வேண்டும். வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கு அறிவிக்கிறது. வெளியூர் போவதற்கு முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் போலீஸார் கேட்டுக்கொள்வது இதனால்தான். நாம் அவர்களிடம் சொல்வதற்குள் கிரில் கேட்டில் தொங்கும் நவ்தால் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறது. கதவுக்குள் புதைந்த பூட்டு, அது விரலால் திறப்பதோ சாவியால் திறப்பதோ, எதையும் வெளியே காட்டாது. ஆக, இந்தப் பெருமையைக் கதவுக்குள் பொருத்தும் பழைய சாவிப் பூட்டும் பங்கு கேட்கலாம்.

(குரலுக்குத் திறக்கும் பூட்டும் வந்துவிட்டது என்றார் கடைக்காரர். அது நமக்குப் புதிதா? மறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கோயில் கதவு, அப்பர் பதிகம் முழுக்கப் பாடிய பிறகு திறந்தது. சம்பந்தர் முதல் பாட்டைப் பாடியதுமே மூடிக்கொண்டது என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. ஒரே கதவு இரண்டு பேரிடம் இரண்டு விதமாக நடந்துகொண்டதில் அப்பருக்கு வருத்தம் என்றும் சேக்கிழார் சொல்கிறார். குரல் பூட்டு வைத்திருக்கும் வயதானவர்களுக்கு அந்த வருத்தம் புரியும்.)

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதுதான் கடையில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. அது வீண் பயம். வீட்டு டிஜிட்டல் பூட்டுகளில் பெரும்பாலானவை சிறிய பேட்டரிகளில் ஓடுபவை. கரண்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பேட்டரி தீரும் முன் எச்சரிக்கும். தீர்ந்தே போனாலும் வெளியிலிருந்து ஒரு 9 வோல்ட் பேட்டரியையோ பவர் பேங்கையோ தொட்டுத் திறக்கும்படி பல மாடல்களில் வழி இருக்கிறது. அடுக்குமாடிகளின் கீழ்வாசலில் உள்ள காந்தப் பூட்டுதான் மின்சாரத்தை நம்பியது. மின்சாரம் நின்றால் அது பிடியை விட்டுவிடும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். திருத்தணியில் பயப்பட வேண்டியது வெயிலுக்கு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவதில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர். மேற்குப் பார்த்த வாசலில் மத்தியானத்து நேர்வெயில் படும் உலோகத் தகடு காற்றைவிட அதிகமாகக் கொதிக்கும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பூட்டின் பெட்டியில் போட்டிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கதவைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்கும் வீடுகளில் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது விரல். திருத்தணியைச் சுற்றி பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு எல்லாம் நெசவு ஊர்கள். நூலைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல்கள் அங்கே நிறைய. பூக்கட்டுகிறவர், பாத்திரம் தேய்க்கிறவர், சித்தாள் வேலை செய்கிறவர், வெறுமனே எழுபது வயதானவர் என்று ரேகை மங்கியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். விரல்ரேகைக் கருவி பார்ப்பது தோலின் மேட்டையும் பள்ளத்தையும்தான். அது தேய்ந்துபோனால் ஆளே இல்லாத மாதிரி நடந்துகொள்ளும். 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் கைரேகை வந்தபோது பெரியவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து நின்றதைப் பார்த்திருக்கிறோம். பிறகு கருவிழி பார்க்கும் கருவிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ரேஷன் கடையிலாவது சத்தம் போட ஒரு விற்பனையாளர் இருந்தார்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது கோலம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் வாளியோடும் விளக்குமாறோடும் வெளியே வருகிறார். செல்போன் உள்ளே சார்ஜில் இருக்கிறது. வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து புள்ளி வைக்கும்போது பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது. அப்படிப் பூட்டிக்கொள்வதை விளம்பரத்தில் பாதுகாப்பு என்கிறார்கள். அவர் ஈரக்கையில் கோலமாவோடு விரலை வைக்கிறார், திறக்கவில்லை. எண்ணை அழுத்தினால் திறக்கும், அந்த எண்ணைப் பையன் சொல்லிக்கொடுத்து நாளாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்து வைக்கிற வீடு அது, லட்சுமி வருவதற்காக. முப்பது விநாடியில் கதவை மூடிவிடும் பூட்டை வடிவமைத்தவருக்கு அப்படி ஒரு விருந்தாளி வரக்கூடும் என்று தெரியாது. தானாகப் பூட்டுவதை அணைத்து வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. அணைக்கிற உரிமை அந்த அம்மாவிடம் இருக்காது, பூட்டைத் தன் போனிலிருந்து நிர்வகிக்கும் அட்மினிடம் இருக்கும்.

அட்மின் வேறெங்கோ இருந்தால் என்ன ஆகும் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பார்த்தேன். பையன் வெளிநாட்டில். அம்மா தனியாக. அக்கறையோடுதான் பூட்டு வாங்கி அனுப்பினான். ஆள் வைத்துப் பொருத்தினான். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் போனுக்குத் தகவல் போகும். ஒருநாள் விடிகாலையில் அம்மாவுக்குப் போன் வந்தது. “என்னம்மா, மூணே முக்காலுக்கே கதவைத் திறந்திருக்க? உடம்பு சரியில்லையா?” மார்கழி மாதம். “கோலம் போடத்தான்டா திறந்தேன்,” என்றார் அம்மா. இன்னொரு நாள், “மத்தியானம் ரெண்டு மணி நேரம் வெளில போயிருந்தியே, எங்கம்மா போன?” பக்கத்துத் தெருவில் சீட்டுக் கட்டப் போயிருந்தார், அது பையனுக்குப் பிடிக்காது. பிறகு ஒருநாள், “சாயங்காலம் யாரும்மா வந்தாங்க?”

அந்த அம்மா சண்டை போடவில்லை. முன்வாசலைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார். சமையற்கட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்குப் போகும் கதவு ஒன்று உண்டு. அதில் பழைய கொண்டியும் எண்பது ரூபாய்ப் பூட்டும். வருவது போவது எல்லாம் அதன் வழியாக ஆயிற்று. சீட்டுக்காரம்மாவும் அந்த வழியாகவே வந்துபோகத் தொடங்கினார். பையனின் போனில் கதவு நாள் முழுக்க அமைதியாக இருந்தது; அவன் நிம்மதியாக இருந்தான். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பூட்டு முன்னால் காவல் இருக்க, வீடு பின்னால் திறந்து கிடந்தது. திருடனுக்கு இதைவிட உபகாரம் யாரும் செய்ய முடியாது.

பழைய ஏற்பாடு புனிதமானது என்று சொல்ல நான் வரவில்லை. மாமியாரின் இடுப்பில் தொங்கிய கொத்துச்சாவி எத்தனை மருமகள்களைப் பட்டினி போட்டிருக்கிறது. அரிசிக் குதிருக்கும் பீரோவுக்கும் சாவி கிடைக்கக் காத்திருந்தே கிழவியான பெண்கள் உண்டு. கணவன் செத்த மறுநாளே சாவிக்கொத்தைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. சொத்து கைமாறின பிறகும் சாவி கைமாறாது. அந்தச் சண்டையில் நம் குடும்பங்களும் நம் சினிமாவும் நிறையக் காலம் ஓட்டின. அந்த அதிகாரத்தில் ஒரே ஒரு நல்ல குணம், அது கண்ணுக்குத் தெரிந்தது. நடக்கும்போது சத்தம் கேட்டது. சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று வீட்டு வேலைக்கு வருபவர் முதல் சம்பந்தி வரை எல்லாருக்கும் தெரியும், ஆகையால் அதைப் பற்றிப் பேசவும் கேட்கவும் பிடுங்கவும் முடிந்தது. அட்மின் உரிமை யார் போனில் இருக்கிறது என்பது பல வீடுகளில் அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. மாமியார் இரவு தூங்கவாவது செய்தார்.

பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தணியில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. “பெத்தம்மா, தாளம் மாட்டிட்டேன், சாவி இங்க வெச்சிருக்கேன்” என்று இரண்டும் கலந்த குரல் எந்தத் தெருவிலும் கேட்கும். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இந்த ஊரும் அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. மாநிலம் இரண்டு தடவை மாறியும் பக்கத்து வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஆணியிலேயே தொங்கியது. சாவியை வாங்கி வைத்துக்கொள்பவருக்கு அதில் ஒரு பொறுப்பு வருகிறது: பால் பாக்கெட்டை எடுத்து வைப்பார், மழை வந்தால் மாடியில் காயும் துணியை எடுப்பார், இரண்டு நாளாக இந்த வீட்டு அம்மாவின் சத்தம் கேட்கவில்லையே என்றால் வந்து தட்டுவார். தனியாக இருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று தெரிந்துகொள்ளப் பையன் கேட்ட தகவல் இதுதான். அதை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து அவன் பூட்டிடம் கேட்டான். சுவருக்கு அந்தப் பக்கத்தில் கேட்டிருக்கலாம்.

இதற்கும் மறுபக்கம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியோடு ஊர் நிரம்பும்போதும், டிசம்பர் 31 இரவு 365 படிகளிலும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றும் படிபூஜையின்போதும் அடிவாரத்து வீடுகளுக்குச் சித்தூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வீட்டுக்காரர் மலைமேல் வரிசையில் நிற்கிறார். சாவி அவர் பையில். மச்சான் குடும்பம் வாசலில். பக்கத்து வீட்டுக்காரரும் அதே வரிசையில்தான் நிற்பார். ஒருநாள் மட்டும் செல்லுபடியாகும் எண்ணை மேலிருந்தே போனில் அனுப்பி, கீழே கதவைத் திறக்க வைப்பது டிஜிட்டல் பூட்டால் மட்டும் முடியும். விருந்தினர் போன மறுநாள் அந்த எண் செத்துவிடும். கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்கும் சங்கடமும் இல்லை.

சாவி தொலையும் என்பதையும் மறைக்க வேண்டாம். பூரி ஜெகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரத்து உள்ளறைச் சாவி காணவில்லை என்று 2018-இல் தெரிய வந்து, ஒரு மாநிலமே கொந்தளித்தது. கடைசியில் 2024 ஜூலை 14 அன்று, கைவசம் இருந்த மாற்றுச் சாவி சேராமல், பூட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். அத்தனை காவலும் கணக்கும் உள்ள இடத்திலேயே இப்படி. வீட்டில் துளசி மாடத்துக்கு அடியிலும் செருப்பு அலமாரிக்குள்ளும் நாம் வைக்கும் சாவியைப் பற்றிப் பேசுவானேன். சாவி தொலைந்தால் தொலைந்தது தெரியும், பூட்டை மாற்றலாம். எண் அடுத்தவருக்குத் தெரிந்துபோனால் தெரிந்தது நமக்குத் தெரியாது. விரல்ரேகை வெளியே போனால் விரலை மாற்ற முடியாது.

இத்தனைக்கும் நடுவே சட்டம் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பூட்டு விற்ற நிறுவனத்திடம் கேள்வி கேட்கலாம். அம்மாவின் கதவை ராத்திரி பகல் பார்க்கும் பிள்ளையிடமும், மனைவியின் போக்குவரத்தை எண்ணும் கணவனிடமும் அந்தச் சட்டம் பேசாது. வாடகை வீட்டில் வீட்டுக்காரரே அட்மினாக இருந்தால் குடியிருப்பவர் நிலைமை என்ன? முன்பு இன்னொரு சாவி வைத்திருந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டுமென்றால் நேரில் வந்து, தெரு பார்க்க, திறக்க வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணையே மாற்றிவிடலாம்.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டவர்களுக்கு இந்த விஷயம் புரிந்திருந்தது. சாவி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு மேல் இன்னொருவர் கண் வேண்டும், அந்தக் கண் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். டிஜிட்டல் பூட்டில் ஒரு அட்மினுக்குப் பதில் இருவர் சம்மதித்தால்தான் கதவு திறந்த நேரங்களின் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று வைப்பதில் தொழில்நுட்பச் சிரமம் எதுவும் இல்லை. கடையில் விற்கிற பூட்டுகளில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

என் தீர்ப்பு சாவியின் பக்கம். கதவுக்குள் பொருத்திய நல்ல லீவர் பூட்டு, அதைத் தாங்குகிற நிலை, கனமான கொண்டி, பக்கத்து வீட்டில் ஒரு சாவி. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு நேரத்தில் போய்வரும் வீட்டுக்கு டிஜிட்டல் பூட்டு தேவைப்பட்டால் வாங்குங்கள். சாவித்துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணும் சாவியும் போதும், இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். அம்மாவின் கதவுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் அட்மினாக அவரைப் பதியுங்கள், உங்களை விருந்தாளியாகப் பதியுங்கள். அட்மின் வேலை அவருக்குக் கஷ்டம் என்று தோன்றினால், அந்தப் பூட்டை அந்த வீட்டுக்கு வாங்காதீர்கள்.